வழி கேட்கக் கூடாத பந்தயம்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தைத்த ஒரு முக்கோணத் துணிக்கூடு. அடுத்து வந்ததும் அதுவேதான். அதற்கடுத்ததும் அப்படியே. மனைவி கொடுத்தனுப்பிய சேலைகள் அடியில் நசுங்கிக் கிடந்தன.

"இது என்ன?" என்றார்.

"மரத்துல கட்டுறதுங்க ஐயா."

"எந்த மரத்துல?"

எந்த மரம் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதுதான் அந்த விளையாட்டே. வரிசையில் இத்தனை பேர் காத்திருக்கும்போது அதை விளக்க எனக்குக் கூச்சம். நான் விழித்த விழியைப் பார்த்து, ஏதோ கோயில் வேண்டுதல் என்று அவரே முடிவு செய்துகொண்டு பெட்டியை மூடிவிட்டார்.

நான் மலேசியாவில், கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் அறைக் கணக்குப்பிள்ளை. எங்கள் துரைக்கு ஓரியன்டீரிங் என்றால் உயிர். கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து ஆளைக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். ஆங்காங்கே கட்டியிருக்கும் துணிக்கூடுகளை வரிசைப்படி கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஊசி வைத்த ஒரு அச்சு தொங்கும். அதைக் கொண்டு தன் அட்டையில் துளை போட்டுக்கொண்டு ஓட வேண்டும். யாரிடமும் வழி கேட்கக் கூடாது. திசைகாட்டிகளைத் துடைத்து அடுக்குவதும், துணிக்கூடுகளைத் துவைத்துக் காயப்போடுவதும் என் வேலை. ஒரு நாள்கூட நான் ஓடியதில்லை. துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போனதும் எல்லாம் ஸ்டோரில் தூங்கின.

என் மனைவியின் தம்பி தங்கராஜ், சங்கரன்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். பெங்களூரில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போனவன் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். அவனிடம் ஆர்வம் இருந்தது, சாமான் இல்லை. எங்களிடம் சாமான் இருந்தது, ஆர்வம் கப்பல் ஏறிவிட்டது. புதிய துரையிடம் பல நாள் தயங்கித் தயங்கிக் கேட்டு வாங்கிக்கொண்டு நான் கிளம்பினேன். எங்கள் கல்யாணம் மலேசியாவிலேயே முடிந்துவிட்டதால், மாமியார் வீட்டு வாசலை நான் மிதிப்பது அதுதான் முதல் தடவை. அது எழுபதுகளின் கடைசி.

திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ்ஸில் என்னை மிகவும் கவர்ந்தது கண்டக்டரின் விசில். எங்கள் ஊரில் மணியை அழுத்துவோம். இங்கே விசில் ஒரு முறை என்றால் நில், இரண்டு முறை என்றால் போ. டிரைவர் திரும்பியே பார்ப்பதில்லை. வழியில் டீ குடிக்க இறங்கினேன். 'நான் இன்னும் ஏறவில்லை' என்று கத்தக் கூச்சப்பட்டுக் கையை மட்டும் ஆட்டினேன். கண்டக்டரும் எனக்குக் கையாட்டிவிட்டு இரண்டு விசில் கொடுத்தார். ஒரு மீன்கார அம்மாள் ஜன்னல் வழியாகக் கூப்பாடு போட்டிருக்காவிட்டால், துணிக்கூடுகள் மட்டும் சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் நடந்த உபசாரத்தை எப்படிச் சொல்ல? எனக்கு வர வேண்டிய மாப்பிள்ளை மரியாதை இத்தனை வருடமாகச் சேர்ந்து கிடந்தது. அத்தனையும் அந்த வாரத்தில் கொடுத்துத் தீர்த்தார்கள். விடிந்தால் கருப்பட்டிக் காப்பி. அப்புறம் இட்லி, ஆட்டுக்கால் குழம்பு. அது செரிக்குமுன் முந்திரிக்கொத்து. எங்கள் தோட்டத்தில் 'போதும்' என்றால் போதும். இங்கே 'போதும்' என்றால், "மாப்பிள்ளை கூச்சப்படுதாவ, இன்னும் ரெண்டு வை" என்று அர்த்தம். நான் உண்மையிலேயே கூச்சப்படுகிறவன் என்பதால் மறுத்துச் சொல்ல வழியே இல்லை.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் காலமாகிவிட்டார். அவருடைய தம்பி செல்லையா மாமாதான் வீட்டுக்குப் பெரியவர். பருத்தி கமிஷன் வியாபாரி. தெருமுனையில் நின்று பேசினால் அடுத்த தெருவில் ஆள் திரும்பிப் பார்க்கும் குரல். மறுநாள் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை. மலேசியா. இந்தத் தாளப் பாத்து ஓடுத பந்தயம் இருக்குல்லா, அதுல அங்கன இவியதான் சாம்பியன்!"

நான் சாம்பியனின் துணியைத் துவைத்தவன். அதைக் கடைத்தெருவில் உரக்கச் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை. துணிக்கடைக்காரர் எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டேன்.

அன்று மாலை பள்ளிக்கூடத்தில் விதிகளை விளக்கும் கூட்டம். தங்கராஜ் ஆங்கில விதிக் கையேட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். முள்ளும் கல்லும் கிழிக்காமல் இருக்கக் கால் முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்றதும் முதல் சிக்கல் வந்தது. பையன்கள் எல்லாரும் அரைக்கால் சட்டைக்காரர்கள்.

"சார், எங்கய்யா வேட்டிய கெட்டிட்டு வரலாமா?"

"வரலாம்."

"மடிச்சுக் கெட்டலாமா?"

தங்கராஜ் என்னைப் பார்த்தான். கையேட்டை எழுதிய வெள்ளைக்காரர் இதை யோசித்திருக்க மாட்டார். "மடிச்சுக் கெட்டுனா விதிமீறல்" என்று தங்கராஜே தீர்ப்புச் சொன்னான். பயிரை மிதிக்கக் கூடாது, வண்டியில் ஏறக் கூடாது, பிறர் உதவி வாங்கக் கூடாது, ஆபத்தில் மட்டும் விசில் ஊத வேண்டும், முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கடைசியில் முடிவிடத்துக்கு வந்து ஆஜர் கொடுக்க வேண்டும் என்று மீதி விதிகளையும் சொன்னான்.

"சார், நாய் வெரட்டுனா?"

"ஓடு."

"தாள்ல இல்லாத பக்கமா வெரட்டுனா?"

"நாய்க்கிட்ட தாளக் காட்டுலே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் தங்கராஜைக் கூப்பிட்டார்.

"கால்பந்துன்னா கண்ணு முன்னால நடக்கு. கள்ள ஆட்டம் ஆடுனா பிடிச்சிரலாம். இது என்னவே? பயலுவளக் காட்டுக்குள்ள அனுப்பிட்டு நாம வெளிய உக்காந்திருக்கணும். உள்ள எவன் எவனுக்குத் துளை போட்டுக் குடுக்கான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"நம்பிக்கைதான் சார்."

"நம்பிக்கைய சர்ச்சு ஐயர் பிரசங்கத்துல கேட்டுக்கிடுதேன். நீரு ஒரே ஒரு தடவ நடத்தும். போன தலை அத்தனையும் பன்னெண்டு மணிக்குள்ள எம் முன்னால வந்து நிக்கணும். ஒரு ஆளு கொறஞ்சாலும் சரி, ஒரு கள்ளத்தனம் நடந்தாலும் சரி, அடுத்த வருசம் இந்த வெளையாட்டு கெடையாது."

வீட்டுக்கு நடக்கும்போது தங்கராஜ் சொன்னான்: "அத்தான், பந்த ஒதைக்கத் தெரியாத பயலுவ நெறைய இருக்கானுவ. டீம்ல எவனும் சேத்துக்கிட மாட்டான். ஆனா தாளக் குடுத்தா கண்ண மூடிட்டு வழி சொல்லுதான். அவனுவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இது நின்னுரக் கூடாது."

அடுத்த மூச்சில் என்னை மூத்தோர் பிரிவில் சேர்த்துவிட்டான். ஒரு பிரிவுக்குக் குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்பது விதி. ஓவிய வாத்தியாரும் நூலகரும் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் இல்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத குணம் எனக்கு. உண்மையில் கொஞ்சம் ஆசையும் இருந்தது. புது ஊரில் வழி கேட்க வேண்டி வந்தால், கேட்காமல் இரண்டு மணி நேரம் சுற்றுகிற ஆள் நான். கேட்பதே குற்றம் என்று ஒரு விளையாட்டு இருந்தால், அது எனக்காகவே செய்தது போலத்தானே?

சனிக்கிழமை காலை திருவேங்கடம் சாலையில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி, அதாவது கிடங்கு, முன்னால் கூடினோம். புறப்படும் இடமும் முடிவிடமும் அதுவேதான். 'காடு, காடு' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததால் நான் மரங்களை எதிர்பார்த்து வந்திருந்தேன். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் நிலம்தான் இங்கே காடு. எங்கள் ஊர்க் காட்டில் நீட்டிய கை தெரியாது. இந்தக் காட்டில் நாளைக்கு வரப்போகும் பஸ்ஸே தெரியும் போலிருந்தது. துணிக்கூடுகளைக் கிணற்று மேட்டுக்குப் பின்னால், ஓடைக்குள், பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் என்று தங்கராஜ் கட்டியிருந்தான். வரைபடம் அவன் கையால் போட்டது. கிராமக் கணக்குப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய ஊர்ப்படத்தைப் பார்த்து வரைந்து நகல் எடுத்திருந்தான்.

ஜெபம் முடிந்து பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அப்பாவின் வேட்டி, அண்ணனின் கல்யாணப் பேன்ட், ஒருவனுக்கு அக்காள் வீட்டுக்காரரின் போலீஸ் காக்கி. எல்லாருக்கும் கழுத்தில் விசில். மூத்தோர் பிரிவில் கடைசியாக நான். செல்லையா மாமாவையும் அத்தையையும் அங்கே காணவில்லை. வெயிலுக்குப் பயந்து வரவில்லை போல என்று நினைத்து நிம்மதியாக ஓட ஆரம்பித்தேன்.

முதல் துணிக்கூடு கிணற்று மேட்டில். வரைபடத்தைப் பார்க்க அவசியமே ஏற்படவில்லை.

"மாப்ளே! இங்கன! இங்கன வாங்க!"

மேட்டின் மேல் கறுப்புக் குடை. குடைக்குக் கீழே நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் செல்லையா மாமா, கையில் பதநீர்ச் செம்பு. வீட்டில் கிடந்த வரைபடத்தைப் பார்த்து வந்திருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டு, வழி தவறி வேறு பக்கம் போய்க்கொண்டிருந்த ஓவிய வாத்தியாரும் நூலகரும் திரும்பி வந்து துளை போட்டுக்கொண்டு போனார்கள்.

"மாமா, வெளியாள் உதவி வாங்கக் கூடாது. விதி."

"விதி பயலுவளுக்கு. நீங்க உக்காருங்க. வெயிலப் பாத்தியளா? நம்ம வீட்டு மாப்பிள்ள பொட்டக் காட்டுல பசியோட ஓடுனாவன்னு நாளைக்கு ஊரு பேசக் கூடாதுல்லா."

"வேண்டாம் மாமா."

"கூச்சப்படாதிய."

துளையை மட்டும் போட்டுக்கொண்டு, செம்பைத் தொடாமல் ஓடினேன். பின்னால் குரல் துரத்தியது. "அடுத்ததுல மதினி இருக்கா! மூணாவதுல முறுக்கு இருக்கு!"

கொஞ்ச தூரத்தில், பனைமரங்களுக்கு நடுவே, அத்தையின் பச்சைச் சேலையும் அடுக்குத் தூக்குச்சட்டியும் தெரிந்தன. கூடவே இரண்டு மூன்று பெண்கள். ஒரு பாய் விரித்திருந்தது. அங்கே போனால் உட்கார வைத்துவிடுவார்கள். தலைமையாசிரியர் சொன்ன கள்ளத்தனம் என்பது, மாமியார் கையால் இட்லி சாப்பிடுவதும்தான். ஓடைக்குள் இறங்கிக் குனிந்தபடி, அவர்கள் கண்ணில் படாமல் சுற்றிப் போனேன். மூன்றாவது இடத்திலும் குடை. மறுபடி சுற்றினேன். இப்படி உபசாரத்துக்குப் பயந்து விலகி விலகிப் போனதில், வரைபடத்தின் ஓரத்தில் தங்கராஜ் போட்டிருந்த கோட்டைத் தாண்டிவிட்டேன். கோட்டுக்கு அப்பாலும் நிலம் இருந்தது. நிறையவே இருந்தது.

திசைகாட்டி வடக்கைக் காட்டியது. நான் எங்கே இருக்கிறேன் என்று அது காட்டவில்லை. வருடக்கணக்காக அதைத் துடைத்தவனுக்கு அது செய்த கைம்மாறு அவ்வளவுதான். தூரத்தில் ஒரு தார்ச்சாலை தெரிந்தது. அதை நோக்கி ஓடிய அவசரத்தில் வேலிக்கருவைப் புதர் ஒன்றில் விழுந்தேன். பேன்ட்டை முள் பிடித்துக்கொண்டது. இழுத்தால் பேன்ட் அங்கே நிற்கும், நான் மட்டும் வருவேன் என்ற நிலை. உதவி என்று கத்தக் கூச்சம். இது ஆபத்துதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, விசிலை எடுத்து ஒரு முறை ஊதினேன்.

சாலையில் வந்துகொண்டிருந்த டவுன் பஸ் அப்படியே நின்றது.

கண்டக்டர் குதித்து இறங்கினார். "எவம்ல அது விசிலடிச்சது?"

அபாயத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் அர்த்தம் மாறிவிடுமோ என்று பயந்து மேலும் இரண்டு ஊதினேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"வே! நிறுத்தும் வே! ஏ அண்ணாச்சி!" என்று கண்டக்டர் புழுதிக்குள் ஓடினார். டிரைவர் வழக்கம் போலத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் பணப்பையும் டிக்கெட்டுமாக நடந்து புதருக்கு வந்தார். என் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். தன் கையிலிருந்ததையும் பார்த்தார்.

"எந்த ஊருவே நீரு?"

"மலேசியா."

"எம் பஸ்ஸ அனுப்பி வைக்கதுக்கு மலேசியாவுல இருந்து வந்தீராக்கும்?"

திட்டிக்கொண்டே ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "இப்பம் எங்க போணும்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் வழி கேட்டதாகிவிடும்.

"என்னவே, ஊமையா? விசிலு மட்டுந்தான் பேசுமா?"

சூரியன் தலைக்கு நேராக வந்துகொண்டிருந்தது. கிட்டங்கி வாசலில் தலைமையாசிரியர் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். பையன்கள் அத்தனை பேரும் வந்திருப்பார்கள். குறைவது என் தலையாகத்தான் இருக்கும். ஓடியவர்களில் விதி முழுவதும் தெரிந்த ஒரே ஆள் தொலைந்துபோனதால், பந்து உதைக்கத் தெரியாத பிள்ளைகளின் விளையாட்டு நின்றுபோகும். வழி கேட்டால் நான் போட்டியிலிருந்து போவேன். கேட்காவிட்டால் போட்டியே போகும். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, பஞ்சுக் கிட்டங்கிக்கு எந்தப் பக்கம் போகணும்?"

"அது அந்தால பின்னாலல்லா கெடக்கு! நீரு நேர் எதிர்க்க ஓடி வந்திருக்கீரு."

இதற்குள் சாலையில் ஒரே ஆரவாரம். கண்டக்டர் இல்லை என்று யாரோ பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. எல்லா ஜன்னல்களிலும் தலை. "என்ன ஏகாம்பரம், எறங்கி வெவசாயம் பாக்கப் போயிட்டியோ?" என்று டிரைவர் கேட்டார். கண்டக்டர் என்னை ஏற்றி, முதலில் கிட்டங்கிக்கு விடச் சொன்னார். "இவரு கழுத்துல விசிலோட இந்தக் காட்டுல நின்னா, இன்னிக்கு ஒரு பஸ்ஸும் உருப்படியா ஊரு போய்ச் சேராது."

மூத்தோர் பிரிவின் வீரர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் இருந்தது. பையன்கள் விசிலடித்து வரவேற்றார்கள். தலைமையாசிரியர் என்னை எண்ணினார். என்னோடு இறங்கி வந்த கண்டக்டரையும் எண்ணிவிட்டு, "ஒண்ணு கூடுதே" என்று மறுபடி எண்ணினார். தங்கராஜ் மூச்சு விட்டான்.

அந்த மூச்சு முழுவதும் வெளியே வருமுன் செல்லையா மாமா மாலையோடு வந்துவிட்டார். மற்றொரு கையில் ஒரு அட்டை.

"மாப்பிள்ளை, நீங்க வராத எடத்துலயும் நாங்க விட்டுக் குடுக்கல. எல்லாத்துலயும் குத்தியாச்சு. இந்தா, ஒங்க அட்டை."

மேசையில் மிச்சம் கிடந்த அட்டையில் என் பெயரை எழுதி, ஆளுக்கு ஒரு இடமாகத் துளை போட்டு முடித்திருக்கிறார்கள். அவர் முகத்தில் துளியும் கள்ளம் இல்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குச் செருப்பு எடுத்து வைப்பது, தண்ணீர் மொண்டு கொடுப்பது போல, துளை போட்டும் கொடுத்திருந்தார். அதன்படி மூத்தோர் பிரிவில் நான்தான் முதல். ஓவிய வாத்தியாரும் நூலகரும் பாதியிலேயே பதநீருக்கு உட்கார்ந்துவிட்டார்களாம்.

தலைமையாசிரியர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். என் பையிலிருந்த ஒற்றைத் துளை அட்டையையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் தங்கராஜிடம் நீட்டினார்.

"இதுல எது கணக்கு?"

மாமா, "மாப்பிள்ளை அட்டைதான் கணக்கு. இதுல என்ன கேள்வி?" என்றார். அத்தை தங்கராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காள் புருஷன் முதல் தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார். ஊர் முழுக்கச் சாம்பியன் என்று சொல்லியாகிவிட்டது. தங்கராஜின் கையில் சாக்பீஸ் இருந்தது. சுவரில் சாய்த்திருந்த கரும்பலகையில் என் பெயரும் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

அத்தனை பேர் நடுவில் நான் வாய் திறந்து பேசியது அந்தப் பயணத்தில் அந்த ஒரு தடவைதான்.

"தங்கராஜ், என் பேரை அடிச்சிரு. நான் வழி கேட்டேன். பஸ்ல வந்தேன். அந்த அட்டையில இருக்கிற துளை என்னோடது இல்ல."

தங்கராஜ் போய் என் பெயருக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'தகுதி நீக்கம்' என்று எழுதினான்.

"ஏலே, அக்கா மாப்பிள்ளை பேரையா அடிக்கே?" என்று அத்தை முந்தானையால் பலகையைத் துடைக்கப் போனார். தலைமையாசிரியர் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"இருக்கட்டும்மா. நான் வருசம் பூரா கால்பந்து பாக்கேன். அதுல கூட ஒரு வாத்தியாரு சொந்தக்காரன வெளிய அனுப்பி நான் பாத்ததில்ல." தங்கராஜ் பக்கம் திரும்பினார். "அடுத்த வருசமும் நடத்தும்வே. கொடைய மட்டும் உள்ள விடாதீரு."

பையன்கள் போட்ட கூச்சலில் வேட்டிகள் அவிழ்ந்தன. கண்டக்டர் அவசரமாக பஸ்ஸுக்கு ஓடினார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் மாமா நின்றார். பிறகு அதைப் பையன்களில் முதலில் வந்தவன் கழுத்தில், வேண்டா வெறுப்பாகப் போட்டார்.

அன்று மதியம் வீட்டில் விரால் மீன் குழம்பு. என் இலையில் துண்டுகள் மேல் துண்டுகளாக விழுந்தன. தங்கராஜின் இலைக்கு வந்ததும் அத்தை கரண்டியைச் சட்டிக்குள் இறக்காமல், மேலாகக் கோதி வெறும் குழம்பை ஊற்றினார்.

"மீனு?" என்றான்.

"விதிப்படி கெடையாது."

அவன் சிரித்துக்கொண்டே வெறும் குழம்பில் சோற்றைப் பிசைந்தான். அடுத்த வருடம் எங்கே வைக்கலாம், இந்த இடம் பையன்களுக்குத் தெரிந்துபோய்விட்டது, வேறு காடு பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொல்வது போலச் சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்த செல்லையா மாமா பலகையில் கோடு விழுந்ததிலிருந்து அவனிடம் பேசவில்லை. இப்போதும் அவன் முகத்தைப் பார்க்காமல் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி சொன்னார்:

"நம்ம வடக்குக் காடு சும்மாத்தான கெடக்கு."